நான்காவது குண்டு

அஹ்ஸன் போட்ட நான்காவது குண்டு இன்னும் கீழே விழவில்லை. மாங்குளத்துக்குக் கிழக்கே, பேச்சியம்மாவின் கச்சான் கடலைத் தோட்டத்துக்கு மேலே, இரண்டு பனை உயரத்தில் மூக்கைக் கீழே நீட்டியபடி பதினேழு வருடமாக நிற்கிறது. சோளகக் காற்று வீசினால் கொஞ்சம் ஆடும். வாலில் கொக்கு வந்து இருந்துவிட்டுப் போகும்.

அஹ்ஸன் அதே மாவட்டத்துத் தண்ணீரூற்றில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு, ஒன்பது வயதில், ஊர் முஸ்லிம்கள் எல்லாரோடும் ஆயுத இயக்கத்தால் வெளியேற்றப்பட்டு, உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தளம் போய், ஓலைக் கொட்டிலில் இருந்து படித்தார். இருபது வயதில் அரசாங்க விமானப்படையில் சேர்ந்து விமானம் ஓட்டப் பழகினார். 2008 மாசியில் ஒரு காலை நான்கு குண்டுகளோடு தன் சொந்த மாவட்டத்துக்கு மேலாலேயே பறந்து வந்தார். முதல் மூன்றையும் போடும்போது முன்னாலிருந்த எண்களை மட்டும் பார்த்தார். நான்காவதுக்குப் பொத்தானை அழுத்தின பிறகு தற்செயலாகக் கீழே பார்த்துவிட்டார். அந்த வேகத்தில் ஆள் தெரியக்கூடாது, தெரிந்தது. மஞ்சள் சேலை கட்டின ஒரு பெண் மண்வெட்டியோடு நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடவில்லை. வேண்டாம் என்று நினைத்தார். குண்டு நின்றுவிட்டது. அவர் திரும்பிப் போய், நான்கும் விழுந்ததாக எழுதிக் கொடுத்தார், பதக்கம் கிடைத்தது. யுத்தம் முடிய விலகி விமானப் போக்குவரத்து அலுவலகத்தில் சேர்ந்தார். கண்ணாடி வந்தது, சீனி வியாதி வந்தது, ஓடுபாதைப் பிரிவின் பணிப்பாளர் பதவியும் வந்தது.

பேச்சியம்மா கடற்கரை வரை இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, 2010இல் மகள் கஜேந்தினியோடு திரும்பியபோது குண்டு அங்கேயே நின்றது. மிதிவெடி அகற்றுகிறவர்கள் வந்து, நிலத்துக்கு மேலே இருப்பது தங்கள் வேலையில்லை என்றார்கள். இன்னொரு அலுவலகம், விழுந்த பிறகு அறிவிக்கும்படி கடிதம் போட்டது. அவள் அதன் கீழேயே கொத்தி, கச்சான் போட்டு, பிடுங்கினாள். மகளின் கலியாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் பந்தலைப் பத்தடி தள்ளிப் போடச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

போன வருடம் காட்டோரத்துப் பழைய ஓடுபாதையைத் திருத்திச் சிறிய பயணிகள் விமானங்களை விடுவதென்று முடிவானது. இறங்குகிற வழியில் ஒரு தடை இருப்பதாக அறிக்கை போனதும், பணிப்பாளரே அளக்க வந்தார்.

"எல்லாரும் அளந்துட்டுத்தான் போறாங்க ஐயா. எறக்க ஒருத்தரும் வரல்ல," என்றாள் பேச்சியம்மா.

அஹ்ஸன் அவளைப் பார்த்தார். மஞ்சள் சேலை இல்லை, தலை நரைத்திருந்தது. நிற்கிற நிலை மட்டும் அதேதான்.

"அது என்ர குண்டு, அம்மா. நான்தான் போட்டனான்."

"அப்ப ஏன் விழல்ல?"

"உங்களைக் கண்டிட்டன். வேண்டாமெண்டு நினைச்சன்."

அவள் மண்வெட்டியைக் கீழே வைத்தாள். குண்டு போட்ட அன்று காலை மாடு அவிழ்க்கப் போன அவளுடைய புருசன் முத்துலிங்கம் மூன்றாவது குண்டில் செத்திருந்தான்.

"மத்த மூணுக்கும் ஏன் அப்பிடி நெனைக்கல்ல?"

"மற்ற மூண்டுக்கும் நான் கீழ பாக்கேல்லை, அம்மா."

பேச்சியம்மா வரம்பில் குந்திவிட்டாள். அஹ்ஸன் வெயிலில் நின்றார். போகச் சொன்னால் போயிருப்பார், அடித்தால் வாங்கியிருப்பார். அவள் இரண்டையும் செய்யவில்லை.

"எங்க வீட்டுக்காரர் காணாமப் போனவர்னு பதிஞ்சிருக்காங்க. அவரு காணாமப் போகல்ல. இந்தக் கையாலதான் பொறுக்கியெடுத்துப் பொதைச்சேன். ஒங்க காயிதத்தில எழுதுங்க."

எழுதினால் பதவியில் இருக்க முடியாதென்று அவருக்குத் தெரியும். அறிக்கைப் படிவத்தில் 'தடைக்கான காரணம்' என்ற இடத்தில், திகதி, நேரம், நான்கு குண்டுகள், போட்டவர் பெயர், மூன்றாவதில் இறந்த முத்துலிங்கத்தின் பெயர், வயது நாற்பத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். படிவத்தை முழங்காலில் வைத்திருந்ததால் முத்திரை சற்றுச் சரிந்துவிட்டது.

அலுவலகம் உயரத்தை ஏற்றுக்கொண்டது. மிச்சத்துக்கு விளக்கம் கேட்டு, மூன்று மாதத்தில் அவரை ஓய்வில் அனுப்பியது. அவர் தண்ணீரூற்றுக்கே திரும்பி, உம்மாவின் காணியைத் துப்புரவாக்கிக் குடியிருக்கிறார். பேச்சியம்மா அந்த அறிக்கையின் பிரதியோடு பதிவாளரிடம் போனாள். முத்திரை சரிவாக இருப்பதை அவர் ஒருதரம் பார்த்துவிட்டு, முத்துலிங்கத்துக்கு மரணச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் விமானம் வருகிறது. வரைபடத்தில் 'நிரந்தரத் தடை: குண்டு ஒன்று, நூற்றுப்பத்து அடி' என்று போட்டிருக்கிறார்கள். விமானிகள் அதற்கு இடப்பக்கமாகத் திரும்பி இறங்குகிறார்கள்.