முத்துக்குமரனின் ஸ்வெட்டர்

சித்திரை வெயிலில் மதுரையே வெந்துகொண்டிருந்தபோது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அலைந்த ஒரே ஆள் டாக்டர் முத்துக்குமரன்தான். டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் அல்ல. செம்மறிக் கிடாயின் விந்தணு, தைராய்டு ஹார்மோனை உள்ளே இழுத்துக்கொள்கிறதா என்று ஆராய்கிறவர். இதை ஒருநாள் வீட்டில் விளக்கப்போக, "வெளிய யார்ட்டயும் சொல்லிராதப்பா" என்று அம்மா ரெங்கம்மாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. ஊசி, ஸ்கேன், விரதம் எல்லாம் மனைவி முனீஸ்வரிக்குத்தான். "நீங்களும் ஒருதரம் ரத்தம் குடுத்துப் பாருங்களேன்" என்று அவள் கேட்டால், "எனக்கென்ன? கிடா மாதிரி இருக்கேன்" என்பார். சொன்ன கையோடு உட்கார்ந்தபடியே தூங்கியும் விடுவார். உடம்பு ஊதியதை வசதி என்றும், குளிரெடுப்பதை ராஜ உடம்பு என்றும் மனதார நம்பினார். பேரையூர்ப் பக்கம் கிடாய் வாங்கப் போனால் மட்டும் பார்வை கூர்மையாகிவிடும். "இது வேணாம்ணே. மந்தமா நிக்கிது, தைராய்டு கொறஞ்சிருக்கும்" என்று தூரத்திலிருந்தே கழித்துவிடுவார்.

கிடாய்களின் ரத்தத்தில் ஹார்மோனை அளக்க ஆய்வகத்துக்குப் புதுக் கிட் வந்தது. மனிதர்களுக்காகச் செய்தது. ஒழுங்காக அளக்கிறதா என்று பார்க்க நோயில்லாத மனிதர் ஒருவரின் ரத்தம் வேண்டும். முத்துக்குமரன் யோசிக்காமல் கையை நீட்டினார். "நார்மல்னு எழுதிக்கம்மா" என்று உதவியாளர் காவ்யஸ்ரீயிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தார்.

அளவு அதலபாதாளத்தில் கிடந்தது. கிட் விற்றவரைப் போனில் பிடித்து, டூப்ளிகேட் சரக்கு என்று கிழிகிழியென்று கிழித்தார். காவ்யஸ்ரீ தன் ரத்தத்தைப் போட்டுப் பார்த்தாள். சரியாக வந்தது. பியூனுடையதும் சரியாக வந்தது. "சார், கிட்ல ஒண்ணும் கோளாறு இல்ல..." என்று இழுத்தவள், அவருடைய ஸ்வெட்டரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

முத்துக்குமரனுக்கு அந்தக் கோடையில் முதல்முறையாக வியர்த்தது. தைராய்டு குறைந்தால் உடம்பு எப்படி ஊதும், குளிரும், விந்தணு என்ன பாடுபடும் என்று மேடையேறிப் படம்போட்டு விளக்கியவர் அவர். முனீஸ்வரி வாங்கிய ஊசியெல்லாம் தன்னால்தானோ என்று நினைத்ததும் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார்.

கோச்சடை வீட்டுக்கு அவர் வந்து சேர்ந்தபோது, ஆரப்பாளையத்தில் ஸ்கேன் எடுக்கப் பையோடு கிளம்பி நின்றாள் முனீஸ்வரி. ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தார். அவள் அவரை ஸ்வெட்டரோடு ஏற இறங்கப் பார்த்தாள்.

"பேரையூர்ல இப்படி ஒண்ணு நின்னா என்ன செஞ்சிருப்பீங்க?"

"கழிச்சிருப்பேன்."

"நான் கழிக்கலைல?"

சிரிக்கத்தான் நினைத்தாள், அழுகை முந்திக்கொண்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு பையை அவர் கையில் திணித்தாள்.

"வாங்க. இன்னைக்கு ஊசி ஒங்களுக்கு."

ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் அவள் பின்னாலேயே நடந்தார்.