வறண்ட குளியற்கூடத்தில் ஒரு கடிதம்

கூதிர்க்காலத்துப் பிற்பகல். சுமிதா ஆற்றின்மேல் சரக்குப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஊர்ந்து செல்ல, கரையோரச் சாயப்பட்டறைகள் நீலமும் செம்மையுமாய்த் தம் கழிவை நீரிற் கலக்க, தகரக் கூரைகளின் நடுவே ஓங்கி நின்ற பழைய பொதுக் குளியற்கூடத்தின் புகைபோக்கி மட்டும் புகையின்றி வெறித்திருந்தது. போர் முடிந்து பத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. தோக்கியோ மாநகரம் உலக விளையாட்டு விழாவுக்காக முகம் கழுவித் தலைசீவி நின்றது; அமைதி என்னும் சொல்லை அவ்வாண்டு மெல்லாத வாய் இல்லை.

மூடிக் கிடந்த அக்கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தவள் மினெகிஷி சயோ. தூரிகையை என்றோ விட்டெறிந்து, அரிசி களைவதையும் கிண்ணம் கழுவுவதையும் பிறர்முன் செய்துகாட்டி, இதுவே கலை என்றவள். அடுக்களை பார்க்க அழைப்பிதழா என்று செய்தித்தாள்கள் எள்ளி நகையாடின. அவள் சட்டை செய்யவில்லை. வெண்புறா வரைந்தவர்களெல்லாம் அமைதியை அறிந்தவர்கள் அல்லர். வீடு திரும்பவேண்டியவன் திரும்பிவந்து பசிக்கிறது என்று சொல்வதே அமைதி என்பது அவள் துணிபு.

அவள் வீட்டுக்குத் திரும்பவேண்டியவன் ஓவியனான தம்பி சூஜி. போர்க்களக் காட்சிகளை வரையுமாறு படைத்துறையினர் ஓவியர்க்கெல்லாம் ஆணையிட்ட நாளில், அவன் முள்ளங்கியும் கத்தரிக்காயும் வரைந்துகொண்டிருந்தான். அவனைப் பற்றி யாரோ படைத்துறைக்கு ஒரு கடிதம் எழுதினார். பதினெட்டாம் நாள் படைக்கு அழைப்பு வந்தது. தென்கடல் தீவொன்றில் எலும்பும் மிஞ்சாமல் மாண்டான். அக்கடிதம் சென்ற இளவேனிலில், ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவரின் கைவழியே சயோவை வந்தடைந்தது. எழுதியவர் தொகுரா கென்சாகு. அன்று படைத்துறைக்குக் கலை அறிவுரைஞர், இன்று நாடு போற்றும் அமைதிக் கலைத் திறனாய்வாளர். சயோவின் நெஞ்சில் சினம் கொதிக்கவில்லை. கொதித்து வற்றி, அடிப்பிடித்துக் கிடந்தது.

பழிக்கு அவள் தேர்ந்த கருவி தன் கலையே. விருந்தினர் அறுவர் வாயிலிற் காலணி கழற்றி, நீரற்ற குளியல் தொட்டிக்குள் அமர்ந்து, அவள் அரிசி களைவதைக் காண்பர். புறப்படுகையில் தத்தம் காலணிக்குள் இருக்கும் உறையைப் பிரித்து உரக்க வாசிப்பர். ஐந்து உறைகளில் அன்றாடச் சிறு பணிகள். ஆறாவதில் அக்கடிதம், கையொப்பம் மட்டும் நறுக்கப்பட்டு. பெயரைத் தொகுரா தம் வாயாலேயே சொல்லட்டும் என்று விட்டிருந்தாள்.

ஆயின் வாயிலில் நடந்ததை உள்ளே அரிசி அளந்துகொண்டிருந்தவள் காணவில்லை. தலைமை இடத்தில் காலணி விடுவதற்கு நீங்கள் முந்துங்கள், இல்லை நீங்கள் முந்துங்கள் என்று அறுவரும் வளைந்து வணங்கி நெடுநேரம் மன்றாடினர். பணிவுக்குப் பெயர்பெற்ற தொகுரா, குளியற்கூட உரிமையாளரான முதியவர் இசோகை மன்பேயை முன்னே தள்ளிவிட்டுத் தம் காலணியைக் கடைசியில் வைத்தார். மன்பேயோ இந்நாளுக்கென்றே புதுக் காலணி வாங்கியிருந்தார். பின்னர் உறை வைக்க வந்த சயோ, தலைமை இடத்தில் மின்னிய அந்தக் காலணியைத் தொகுராவினது என்றே எண்ணிவிட்டாள்.

அரிசி மூன்று முறை களையப்பட்டது. விருந்தினர் எழுந்தனர். "ராத்திரி அடுத்தவங்க தட்டையும் கழுவுங்க" என்று ஒருவர் வாசிக்க, "என் பொண்டாட்டி காசு குடுத்து எழுத வச்சிருப்பா" என்றார் அவர், எல்லோரும் சிரித்தனர். அடுத்து மன்பேய் உறையைப் பிரித்தார்.

"நாடு தீப்பற்றி எரியும் நாளில் இவன் முள்ளங்கி வரைகிறான். இக்கைக்குத் துப்பாக்கி கொடுப்பதே நாட்டுக்கு நலம்."

 முதியவர் தரையில் முழந்தாளிட்டு, நெற்றி ஓட்டுத் தரையில் மோத வணங்கினார்.

"எப்படித் தெரிஞ்சுதும்மா உனக்கு? வார்த்தை என்னுது இல்ல. ஆனா நானும் எழுதினேன். அப்ப இந்தத் தெருவுக்கு நான்தான் தலைவர். சோயாக் கடைக்காரம்மா மகன் சோம்பேறி, அவனைக் கூட்டிட்டுப் போங்கன்னு எழுதிக் குடுத்தேன். அவன் வரவே இல்ல."

 தொகுரா மெல்ல வந்து முதியவர் தோளைத் தட்டினார். தம் சொற்களைத் தாம் கேட்டவர் என்பதற்கு அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

"விடுங்க பெரியவரே. காலம் அப்படி. யாரைக் குத்தம் சொல்ல முடியும்? சயோ, இந்தக் கண்ணீர்தாம்மா உன்னோட உண்மையான படைப்பு."

அந்தப் பாராட்டைக் கேட்டதும் அடிப்பிடித்துக் கிடந்த சினம் மீண்டும் பற்றிக்கொண்டது. அவள் மன்பேயின் கையிலிருந்து தாளை வாங்கினாள்.

"எந்திரிங்க ஐயா. இது உங்களுக்கு வச்சது இல்ல. இடம் மாத்தி வச்சது என் தப்பு."

கடைக்கோடிக்கு நடந்து, தொகுராவின் காலணிக்குள் தாளைச் செருகி, விருந்தினர்க்குச் செய்யும் முறைப்படி அக்காலணியை வாயில் நோக்கித் திருப்பிவைத்து, முழந்தாளிட்டாள்.

"இது உங்களோடது. வாசிங்க. கடைசில உங்க பேரையும் சேத்து வாசிங்க."

"கண்ணாடி எடுத்துட்டு வரலியேம்மா."

"பரவால்ல. நீங்க எழுதினதுதானே, மனப்பாடமா இருக்கும்."

 மற்ற விருந்தினர் ஐவர் கண்களும் தொகுராவின்மேல் நிலைத்தன.  அவர் வெறும் காலுறையோடு, சாயநீர் தேங்கிய தெருவில் இறங்கி, திரும்பிப் பாராமல் நடந்தார். அவர் முதுகைக் கண்டு சயோ மகிழ்ந்தாள். மகிழவில்லை என்று எழுதினால் அது பொய்.

மன்பேய் மட்டும் வாயிற்படியில் அமர்ந்து, புதுக் காலணியின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தார்.

"எங்க போறீங்க ஐயா?"

"சோயாக் கடைக்காரம்மா இன்னும் பாலத்துக்கிட்டதான் இருக்காங்க. கதவைத் தொறப்பாங்களோ என்னவோ. பாக்குறேன்."

ஆற்றோரம் தளர்ந்து செல்லும் அவ்வுருவைப் பார்த்தபடி சயோ நெடுநேரம் நின்றாள். பகைவனை ஊரறியத் தலைகுனிய வைத்தாயிற்று. இளவேனில் முதலாய் வேண்டியது கைகூடியது. எனினும் பாலத்தருகே இன்னும் சற்றுநேரத்தில் மன்னிப்புக் கேட்டுத் தன் கதவு தட்டப்படப்போவதை அறியாமல் இருக்கும் அந்தத் தாயை எண்ணியபோது, அவள்மேல் சயோவுக்கு எழுந்தது இரக்கம் அன்று, பொறாமை.