நாற்பத்தொரு வீடுகளில் வேகாத கொத்துக்கறி

அந்த ஆண்டு மார்ச் இரண்டாம் வாரம் தொடங்கி ஜூனுக்குள் ஊரில் நாற்பத்தொரு வீடுகளில் கொத்துக்கறி வேகவில்லை. அடுப்பு எரிந்தது, தண்ணீர் கொதித்தது, வெங்காயம் சிவந்து பிறகு கருகியது; கறி மட்டும் கடையிலிருந்து வந்த நிறத்திலேயே சட்டியில் கிடந்தது. ஒரு வீட்டில் இரண்டு நாள் விடாமல் எரித்தார்கள். சட்டியின் கைப்பிடி இளகி விழுந்தது, கறி ஜில்லென்று இருந்தது. கெட்டும் போகவில்லை. நகராட்சி சுகாதார ஆய்வாளர் ஒரு கிண்ணம் எடுத்துப் போய் ஒன்பது நாள் தன் மேசைமேல் வைத்திருந்தார். பத்தாம் நாளும் ஈ மொய்க்காததால், ‘புதியது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆனால் எல்லா வீட்டிலும் அடுப்பைத்தான் குற்றம் சொன்னார்கள். எனவே எல்லா வீட்டுக்கும் அடுப்பு பழுதுபார்ப்பவன் போகவேண்டி வந்தது.

அவனுக்கு முப்பத்தொரு வயது. இயற்பியலில் பட்டம் வாங்கியவன். முந்தைய நவம்பரில், மூன்று நாள் காய்ச்சலில் மனைவி போய்விட்டாள். அதற்குப் பிறகு ‘ரெகுலேட்டரை மூடுங்க’, ‘ஜன்னலைத் திறங்க’ என்ற இரண்டு வாக்கியங்களிலேயே நாளை ஓட்டிவிடுவான். மார்ச்சில் அதற்கும் சோதனை வந்தது. ஏனென்றால் வேகாமல் கிடந்த அந்தக் கறி அவளுடையது.

அவள் கொத்துக்கறி செய்யும் விதம் தலைகீழானது. எல்லோரும் எண்ணெயைக் காயவைத்து, வெங்காயம் வதக்கி, பிறகு கறியைப் போடுவார்கள். அவள் பற்றவைக்காத அடுப்பில் சட்டியை வைத்து, கறியைப் போட்டு, அரை டம்ளர் பச்சைத் தண்ணீர் ஊற்றி, ஒரு கட்டி இல்லாமல் விரலால் கரைத்த பிறகுதான் தீயை ஏற்றுவாள். தண்ணீர் வற்றி, கறி தன் கொழுப்பில் தானே பொரியத் தொடங்கும்போதுதான் வெங்காயம். முதல் நாள் மிளகும் பட்டாணியும் சேர்த்து உதிரியாக, சுட்ட ரொட்டியோடு. இரண்டாம் நாள், வெந்த உருளைக்கிழங்கைக் குடைந்து அதற்குள் அடைத்து. மிச்சம் இருந்தால் மூன்றாம் நாள் முட்டை ஊற்றிப் பிசைந்து, உருண்டையாக்கித் தக்காளிச் சாற்றில். அக்கம்பக்கத்துக்கெல்லாம் டப்பாவில் போகும். கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா டப்பாவைக் கழுவாமல் திருப்பிக் கொடுத்து, “கொஞ்சம் குழைஞ்சிருக்கு, பரவால்ல” என்பாள். அவனுடைய அக்கா மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டுத்தான் மூக்கைச் சுளிப்பாள்.

அந்த அக்காதான் மார்ச் முதல் வாரம் ஒரு வார இதழின் சமையல் பக்கத்தில், புகைப்படத்தோடு, ‘என் கைவண்ணம்: கொத்துக்கறி மூன்று விதம்’ என்று எழுதியிருந்தாள். பச்சைத் தண்ணீர், உருளைக்கிழங்கு, தக்காளிச் சாறு எதையும் விடவில்லை. விட்டது ஒரே ஓர் ஆளை. ஊரே அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்படியில் ஒட்டிக்கொண்டது. அவனும் படித்தான். படித்துவிட்டு அன்று பதினொரு அடுப்புகளைச் சரிசெய்தான். ஒரு பர்னரை மட்டும் தேவைக்கு மேல் திருகி மரையைக் கெடுத்தான்.

முதலில் கூப்பிட்டது வீட்டுக்காரம்மா.

“தம்பி, அடுப்புல என்னவோ கோளாறு. பால் பொங்குது, கறி மட்டும் வேகமாட்டேங்குது.”

“பால் பொங்குனா அடுப்பு நல்லாருக்குன்னு அர்த்தம்மா.”

“அப்போ பக்குவத்துல தப்புங்கறியா? அது என் பக்குவம்பா. உன் அக்கா பேரைப் போட்டுக்கிட்டா, அது வேற விஷயம். உன் பொண்டாட்டிக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?”

அவன் ஸ்பேனரைப் பெட்டிக்குள் எறிந்தான். பெட்டியை மூடிக்கொண்டு எழுந்தான். அடுத்த வீட்டில் ஒரு தையல்காரி, அது தன் ஓரகத்தியின் கண்டுபிடிப்பு என்றாள். அதற்கடுத்த வீட்டில், ஓட்டலில் வேலை பார்த்த மாமனாரின் ரகசியம் என்றார்கள். ஐந்து மாதத்துக்கு முன்னால் அந்தப் பொம்பளைக்குச் சமைக்கத் தெரியவில்லை என்று சொன்ன ஊர், இப்போது அவள் சட்டியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தது. அவன் ஒவ்வொரு வீட்டிலும் எரிவாயு வரும் ஜெட் துளையில் ஊசி விட்டு எடுத்து, நீலச் சுடரைக் காட்டி, “அடுப்பு சரியாருக்கு” என்று மட்டும் சொன்னான். பல்லைக் கடித்துக் கடித்து ஏப்ரலில் ஒரு கடைவாய்ப்பல் உடைந்தது.

முடிச்சை அவிழ்த்தது கறிக்கடைக்காரர். வேகாத கறியைப் பையோடு தூக்கி வந்து கடைமுன் கத்தியவர்களைப் பார்த்து அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “என் கறியக் குத்தம் சொல்லாதீங்க, சொல்லிட்டேன்!” என்று அடுப்பைத் தெருவுக்கே இழுத்து வைத்தார். “இதோ, உங்க முன்னாடியே வெட்டுறேன். நம்ம அடுப்புக்காரர் வீட்டம்மா செய்வாங்களே, அதே மாதிரி செய்யறேன். அந்தம்மாதான் கொழுப்பத் தனியா கேட்டு வாங்குவாங்க. வேற எவளுக்குய்யா அது தெரியும்?” சொல்லி வாய் மூடுவதற்குள் கறி நிறம் மாறியது. பன்னிரண்டு நிமிடத்தில் வெந்தது. மணம் பேருந்து நிறுத்தம் வரை போனது.

அன்று மாலைக்குள் முப்பத்தொன்பது வீடுகளில் ஜனங்கள் சட்டியைப் பார்த்து, “இது அடுப்புக்காரன் பொண்டாட்டியோடது” என்று சொன்னார்கள். சிலர் சலிப்போடு, வீட்டுக்காரம்மா பல்லை நறநறத்துக்கொண்டு. கறி தொனியைப் பொருட்படுத்தவில்லை. யார் எப்படிச் சொன்னாலும் வெந்தது.

மிச்சம் இரண்டு வீடுகள். ஒன்று அக்காவுடையது. ஜூன் வரை அவள் இறங்கி வரவில்லை. பிறகு தம்பியை வரச் சொன்னாள்.

“நீதான்டா எதையோ பண்ணி வச்சிருக்க.”

“நான் ஒண்ணும் பண்ணல.”

“குடும்பம்னா இது உன்னுது, அது என்னுதுன்னு பிரிச்சா பாக்கறது?”

“அவ இருக்கும்போது பிரிச்சுத்தானக்கா பாத்த!” பல மாதங்களில் அவன் சத்தமாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. அடுத்தது இன்னும் சத்தமாக வந்தது. “கறிய ஊறப் போடுறாளா, அழுக்குத் துணிய ஊறப் போடுறாளான்னு என் வீட்டுல உக்காந்து, அவ பரிமாறின தட்டுல சாப்பிட்டுக்கிட்டே கேட்டது யாரு? அவ சிரிச்சுக்கிட்டே உனக்கு இன்னொரு கரண்டி வச்சா. அவ செத்ததும் அது உன் கைவண்ணமா?”

அக்கா சட்டியின் பக்கம் குனிந்தாள். பிறகு, “அவளோடதுதான்” என்றாள். கறி பழுப்பாகத் தொடங்கியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். “சொல்லிட்டேன், பத்திரிகைக்கும் எழுதிப் போடறேன். நீ உன் வீட்டுல ஒரு தடவ செஞ்சு பாரு. ‘இது நான் கண்டுபிடிச்சது, என்னாலதான் வந்துச்சு’ன்னு நீ எத்தன விருந்துல பீத்தியிருக்க? நான் மட்டுமா எடுத்துக்கிட்டேன்?”

அவன் கிளம்பினான். என்ன திமிர்! நேராகக் கடைக்குப் போய் அரைக்கிலோ வாங்கினான், கொழுப்பைத் தனியாகக் கேட்டு. வீட்டுக்கு வந்து, பச்சைத் தண்ணீரில் கரைத்து, “இது அவளோடது” என்று சொல்லிவிட்டுத்தான் பற்றவைத்தான். வேகவில்லை. இன்னொரு முறை சொன்னான். வேகவில்லை. தன் அடுப்பையே அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினான், ஜெட்டை மாற்றினான், டியூபை மாற்றினான். மூன்று நாள் ஆனது. சட்டியைப் பார்த்து, “உனக்கு என்ன வேணும்? நான் அவ புருஷன்!” என்று கத்தினான். கறி சிவப்பாகவே கிடந்தது. நாற்பத்தோராவது வீடு அது.

நான்காம் நாள் காலை கழற்றிய பாகங்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, மனைவியிடமே பேசுவதுபோல் நடந்ததை நடந்தபடி சொன்னான்.

“கல்யாணமான புதுசு. நீ கறியச் சட்டியில போட்டுட்ட, சிலிண்டர் தீந்துபோச்சு. வேற சிலிண்டர் இருந்துச்சு, வாஷர் கிழிஞ்சிருந்துச்சு. வாங்கிட்டு அஞ்சு நிமிஷத்துல வரேன்னு போனேன். கடையில பேசிக்கிட்டு முக்கால் மணி நேரம் நின்னுட்டேன். கறி காயக்கூடாதுன்னு தண்ணி ஊத்துனது நீ. சும்மா இருக்காம கரைச்சது நீ. நான் எதையும் கண்டுபிடிக்கல. நான் அங்க இல்லவே இல்ல.”

எழுந்து அடுப்பைத் திரும்பப் பூட்டிப் பற்றவைத்தான். பன்னிரண்டாவது நிமிடம் தண்ணீர் வற்றி, கறி தன் கொழுப்பில் பொரியத் தொடங்கியது. வெங்காயம் போட்டான்.

இப்போதெல்லாம் அந்த ஊரில் சட்டி ஏற்றுமுன் அது யாருடைய பக்குவம் என்று சொல்லிவிடுகிறார்கள். சில வீடுகளில் அந்தச் சண்டை தீராமல் சாப்பாடு தாமதமாகிறது, அவ்வளவுதான். வார இதழில் நான்கு வரித் திருத்தம் வந்தது, புகைப்படம் இல்லாமல். கறி வேகவில்லை என்று யாராவது கூப்பிட்டால் அடுப்புக்காரன் பெட்டியைத் திறப்பதில்லை, “யாரோடது?” என்று வாசலிலேயே கேட்கிறான்.

அன்று அவன் உதிரியாக, சுட்ட ரொட்டியோடு சாப்பிட்டான். மறுநாள் அக்கா வந்தாள். உருளைக்கிழங்கில் அடைத்து இருவரும் சாப்பிட்டார்கள், அவள் மூன்று தட்டு. மூன்றாம் நாள் உருண்டை பிடிக்க மிச்சம் இல்லை. மனைவி இருந்தபோதும் பெரும்பாலும் அப்படித்தான்.