கடைசி வரி எப்படி முடியும்?

பிலோமின்ராஜ் சார் இறந்து முப்பதாம் நாள் பூசை. விருத்தாசலம் மாதா கோயிலில் நாற்பது வருடம் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். அவர் மெட்டமைத்த பாட்டையே பாடுவதென்று, வெவ்வேறு வருடங்களில் அவரிடம் படித்த நான்சியும் துர்காவும் முந்தின நாள் சாயங்காலம் ஒத்திகைக்கு வந்தார்கள்.

கடைசி வரியில் துர்கா கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"என்ன நான்சி, எறக்கிட்ட? மேல போவணும்."

"சார் எனக்கு இப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு. இருவது வருசமா பாடறேன்."

"எனக்கும் அவருதான சொல்லிக் குடுத்தாரு?"

பக்கத்துத் தெருவிலிருந்த சார் வீட்டுக்கே கேட்கப் போனார்கள். அவர் மனைவி ரெஜினாம்மா டீ கொடுத்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்: "மெட்டு மேலதான் போவும். நான்சிக்கு மட்டும் மாத்திக் குடுத்தாரு. அந்தப் புள்ளைக்குக் குரல் எட்டல, சொன்னா மனசு ஒடஞ்சிடும்னு சொல்வாரு."

நான்சி டம்ளரைக் கீழே வைத்தாள். பதினைந்து வயதில் சார் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு, "ஒனக்கு இப்படி முடிச்சாதான் அழகா இருக்குது" என்றது நேற்றுப்போல இருந்தது. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கல்யாண வீடு, துக்க வீடு எல்லாவற்றிலும் பாடியிருக்கிறாள். அது பாராட்டா, பரிதாபமா?

மறுநாள் பகலில், தான் வேலை செய்யும் பீங்கான் கம்பெனியில் பொம்மைக்குக் கண் எழுதும்போது ஒரு முகத்தில் இரண்டு கண்ணும் வெவ்வேறு பக்கம் பார்த்தன. துடைத்து மறுபடி எழுதினாள். சார்மேல் கோபப்படப் பார்த்தாள். அவர் சிரித்த முகம்தான் வந்தது. கும்பிடப் பார்த்தாள், கோபம் வந்தது.

அன்று சாயங்காலம் பூசையில் கடைசி வரி நெருங்கும்வரை எப்படி முடிப்பதென்று அவளுக்கே தெரியாது. குரல் தானாக மேலே ஏறியது. நடுங்கியது, ஆனால் எட்டிவிட்டது. துர்கா பாடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

வெளியே ரெஜினாம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எட்டிடுச்சே புள்ள! அவரு கேக்காமப் போயிட்டாரே."

"சார் ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல? இத்தன வருசத்துல இன்னொரு தடவ பாடச் சொல்லியிருக்கலாம்ல?"

"அது எனக்குத் தெரியலையே." பிறகு அவரே கேட்டார்: "அன்னிக்கே எட்டலன்னு சொல்லியிருந்தா, மறுநாள் நீ பாட வந்திருப்பியா?"

வந்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தாள் நான்சி. பதினைந்து வயதில் தான் எப்படி இருந்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. ரெஜினாம்மாவின் கையை மட்டும் விடாமல் நின்றாள்.