வெறுங்கண்ணால் கண்டது

விடியற்காலை சுபஹுத் தொழுது முடித்து நுஸ்ஹா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சுவீடனில் இப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். அவள் கணவன் றமீஸ் சொன்னபடியே அழைத்துவிட்டான்.

திரையில் முதலில் அவனுடைய மூக்கு மட்டும் தெரிந்தது. ரயிலில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒடுக்கமான இடத்தில், கண்ணாடியோடு முகத்தை ஒட்டி, ஜாக்கெட்டைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு நின்றான்.

"என்ன மச்சான் இது, கள்ளன் மாதிரி?"

"உள்ளுக்கு எரியிற லைட் கண்ணாடியில அடிக்கிது புள்ள. இப்பிடி நிண்டாத்தான் வானம் தெரியும். ஒரு பொம்புள வந்து பாத்திட்டுப் போறா. பைத்தியம் எண்டு நினைச்சிருப்பா."

"சரியாத்தான் நினைச்சிருக்கா."

அவன் சிரித்தான். ரயில் வடக்கே போய்க்கொண்டிருந்தது. வானத்தில் பச்சை வெளிச்சம் ஆடும் என்கிறார்களே, அதைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். 'நீ வந்தா முதல் பயணம் அந்த ரயில்லதான்' என்று கலியாணத்தன்றே சொல்லியிருந்தான். இப்போது அவளுக்கு முன்னால் தனியே போய்ப் பார்த்து வருகிறேன் என்று கிளம்பிவிட்டான். ஏன் என்று அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமை அவள் விசாவுக்காகக் கொழும்பில் நிற்க வேண்டும். போவதா இல்லையா என்று இன்று காலையில் பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தாள். போகவில்லை என்றால், வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுவதாக அவன் சொல்லியிருந்தான். வந்து இங்கே என்ன செய்வான் என்று இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

அவர்கள் ஊரான மருதமுனையில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். நுஸ்ஹாவின் வாப்பா கட்டாரில் வெயில் குடித்து எழுப்பிய மேல்மாடியில், றமீஸ் இருந்தது ஒரு மாதம்தான். அவனுடைய சாரம் இன்னும் கொடியில் தொங்கியது. "பொண்ணு வீட்ட விட்டுட்டு மாப்பிள்ளைக்குப் பின்னால போன கதை நம்மட குடும்பத்தில இல்ல" என்று உம்மா ஸுஹைறா கறிக்கு உப்புப் போடுவது போல நாளுக்கொரு தடவை சொல்லிவிடுவாள்.

நுஸ்ஹாவைத் தடுத்தது உம்மாவின் பேச்சு அல்ல. றமீஸ் அனுப்பும் படங்கள்தான்.

பனி மூடிய கூரைகள், சிவப்பு மர வீடுகள், உறைந்த ஏரியில் நடக்கும் நாய். கல்முனை நூலகத்தில் அவள் இரவல் வாங்கிப் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களுக்குள்ளிருந்து பிய்த்து அனுப்பியது போல இருக்கும். அந்த நாவல்களில் ரயில் யன்னலோரம் உட்கார்ந்து வாழ்க்கையை மாற்றும் முடிவுகளை எடுப்பார்கள். நுஸ்ஹா ரயிலே ஏறியதில்லை. தண்டவாளம் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது, அவர்கள் கொழும்புக்குப் போவது பஸ்ஸில். படங்களை ஆசையோடு பார்ப்பாள். பார்த்து முடிந்ததும், இதில் றமீஸ் எங்கே என்ற கேள்வி மட்டும் கையில் நிற்கும்.

ஏனென்றால் அவள் அறிந்த றமீஸ் வேறு ஆள். 'பெருநாளப் பிந்த வெச்ச றமீஸ்' என்று ஊர் பெயர் வைத்த ஆள்.

அவனுக்குப் பதினாறு வயதில் நடந்தது அது. நோன்புப் பெருநாள் பிறையைப் பார்க்கப் பள்ளிவாசல் மொட்டைமாடியில் பொடியன்மார் கூடி நின்றார்கள். கடல் கிழக்கே. பிறை தெரிவதோ மேற்கே, வயல்களுக்கு மேல். அங்கே மேகம். யாரோ ஒருவன் "அந்தா" என்று கத்த, எல்லோரும் கண்டோம் என்றார்கள். மௌலவி ஒவ்வொருவராய்க் கூப்பிட்டுக் கேட்டார்: வெறுங்கண்ணால் கண்டாயா? றமீஸின் முறை வந்தது. "அவங்க காட்டின பக்கம் பாத்தன். பிறையக் காணல்ல" என்றான். அதற்குப் பிறகு மற்றவர்களும் கண்டோம் என்ற பேச்சிலிருந்து பின்வாங்கினார்கள். பெருநாள் ஒருநாள் பிந்தியது. மருதோன்றி பூசிய கையோடு புதுச் சட்டைக்காகக் காத்திருந்த சின்ன நுஸ்ஹா, பெயர் மட்டும் தெரிந்த அந்தப் பொடியனை அழுதழுது ஏசினாள். பின்னாளில் அவனையே மாப்பிள்ளையாகப் பேசிவந்தபோது ஓம் என்றதும் அவன் அன்று சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

"புள்ள, ரயில் நிண்டிட்டு. பொறு, பொறு. ஒண்டு அனுப்புறன், பார்."

படம் வந்து விழுந்தது.

நடுக்காடு. ஊசி மரங்களின் கறுத்த முனைகள். அவற்றுக்கு மேலே பச்சைத் திரைச்சீலை ஒன்று வானத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை தொங்கியது. அடியில் ஊதாக் கரை. நுஸ்ஹா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். இதற்கு முன்னால் மேல்மாடி என்ன, சாரம் என்ன. வாறன் என்ற சொல் அவள் நாக்கு நுனிக்கு வந்தது.

"மச்சான்..."

"நுஸ்ஹா, நீ ஒண்டும் சொல்லாத. நான் ஒண்டு சொல்லணும்." அவன் குரல் தாழ்ந்தது. "கண்ணுக்கு இப்பிடித் தெரியல்ல."

"எப்பிடி?"

"பச்சை இல்ல. போன்தான் பச்சையா எடுக்குது. வேற நாளையில, வேற இடத்தில நல்லாத் தெரியுமாம். எனக்குத் தெரியிறது சாம்பல் நெறம். நம்மட வயல்ல வைக்கோல் எரிச்சா விடியக்காலையில ஒரு புகை நிக்குமே, அது மாதிரி. மெதுவா அசையுது. அவ்வளவுதான்."

அவள் படத்தை மறுபடி பார்த்தாள். அவனே தொடர்ந்தான்.

"மத்தப் படங்களும் பொய் இல்ல. ஆனா நல்ல வெளிச்சம் கிடக்கிற நேரத்தில மட்டும் எடுத்தது. என்ட அறை யன்னலுக்கு முன்னால ஒரு சுவர்தான். இப்ப மத்தியானம் திரும்பினாலே இருட்டிப்போகும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனா நாலு பேரோட கதைப்பன். மத்த நாள் வேலை, சோறு, நித்திரை. நீ அந்தப் பச்சையப் பாத்திட்டு வந்து ஏமாந்து போகக் கூடா. வராட்டியும் பரவால்ல. நான் வாறன்."

ஜாக்கெட்டுக்குள் அவன் முகம் பாதிதான் தெரிந்தது. கன்னம் வற்றியிருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். படங்களில் தேடிக் காணாத ஆள், இந்த அரைகுறை வெளிச்சத்தில் நின்றான்.

"இப்பயும் தெரியுதா?"

"ஓம். கொஞ்சம் மங்கிட்டு."

"பெருநாள் பிறைக்கு எத்தின சாட்சி வேணும், மச்சான்?"

"ரெண்டு. ஏன்?"

"தனியாக் கண்டத நான் எப்பிடி நம்புற? பெருநாளப் பிந்த வெச்ச ஆள் வேற நீங்க. திங்கட்கிழமை கொழும்புக்குப் போறன்."

அந்தப் பக்கம் ரயில் குலுங்கி நகர்ந்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுக்க, திரை அப்படியே உறைந்து, அழைப்பு அறுந்துவிட்டது.

கீழே உம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். வாசலுக்கு அப்பால் கடல் பக்கம் வெளுத்துவிட்டது.

"என்னவாம் உன்ட மாப்பிள்ளை? வெளிச்சத்தக் கண்டானாமா?"

"கண்டாராம். உம்மா, நான் போறன்."

ஸுஹைறா கேத்தலைக் கீழே வைத்தாள்.

"அவ்வளவு வடிவா அந்த வெளிச்சம்?"

"இல்ல உம்மா. சாம்பல் நெறமாம். புகை மாதிரியாம்."

"அதப் பாக்கவா கட்டின வீட்ட விட்டுட்டுப் போறாய்?"

"ஓம்."

உம்மா ஏச வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, கோப்பையை மகள் பக்கம் தள்ளினாள்.

"புகையப் பாக்கப் போறதெண்டாலும் கம்பளிச் சட்டை வேணும். அத எங்க வாங்குற, அதச் சொல்லு முதல்ல."