காற்று இறங்கிய இடம்

சைக்கிள் அக்கா தன் இரண்டு கைகளையும் என்னிடமிருந்து எடுத்து, மடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து மூடிக்கொண்டார். ஆராதனை பாதிதான் ஆகியிருந்தது. காது கேட்கிறவர்கள் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்வதற்குச் சமம் அது. நான் விரலை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தேன்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்குள் என் பக்கம் நியாயம் சேர்த்துவிடுவேன்.

எங்கள் சபை நடத்தும் இல்லத்தில் நான்கு பேர் இருக்கிறார்கள். நால்வருக்கும் பார்வையும் இல்லை, செவியும் இல்லை. ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு சாவி. சமையல், துணி, கடைக்குப் போவது எல்லாம் அவரவர் பாடு. துணைக்கு வருகிறவர்கள் கேட்டால் மட்டும் கை கொடுக்க வேண்டும். அக்காவுக்கு இருபது வயதுக்குள் காது போனது, முப்பதுக்குள் கண். பேச்சு மட்டும் மிச்சம், ஏற்ற இறக்கமில்லாமல், கொஞ்சம் உரக்க. இல்லத்து வாசலில் உள்ள சைக்கிள் ரிப்பேர் கடை அவருடையது. பஞ்சர் பார்க்க அவருக்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டாம். காற்றடித்த டியூபைக் கன்னத்தோரம் மெல்ல நகர்த்துவார். ஓரிடத்தில் நிறுத்தி நகத்தால் அடையாளம் போடுவார். நான் பார்த்தவரை ஒருமுறைகூடத் தவறியதில்லை.

பகலில் பல் மருத்துவரிடம் சீட்டு எழுதுகிறேன். ஏழு மாதமாக மாலை வகுப்பில், காதில் விழுவதை இவர்கள் உள்ளங்கையில் விரலால் எழுதக் கற்கிறேன். பாதி சுருக்கக் குறிகள், பாதி முழு எழுத்து. வகுப்பின் விதிகளைச் சிவப்பு மையில் நான்கு முறை எழுதி வைத்திருக்கிறேன். தொட்டதும் நீ யாரென்று சொல். சொல்லாமல் எழுந்து போகாதே. அடுத்தவர் கையில் எழுதுவதைப் பார்க்காதே, அது ஒட்டுக்கேட்பது. உன் காதில் விழுவது எல்லாம் அவர்களுடையது, இருமல் உட்பட.

ஞாயிறு ஆராதனைக்கு அக்காவுக்கு நிரந்தரமாக ஒரு கை தேவைப்பட்டது. மூன்று வாரம் பார்த்துவிட்டுச் சொல்வார். இது என் மூன்றாவது வாரம். எனக்கு முன் வந்த இருவரையும் வேண்டாம் என்றுவிட்டார். ஏனென்று வகுப்பு டீச்சரைக் கேட்டேன். “நல்லாத்தான் எழுதினாங்க. ரொம்ப நல்லவங்களா இருந்துட்டாங்க,” என்றார். புரிந்த மாதிரித் தலையாட்டி வைத்தேன்.

போதகரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இல்லத்துக்கு அனுமதி வாங்க இரண்டு வருடம் அலைந்தவர் அவர். கட்டில்களைத் தன் தோளில் மாடிக்கு ஏற்றியவர். இன்று பிரசங்கத்தின் நடுவே எங்கள் பெஞ்சைப் பார்த்தார். குரல் தழுதழுத்தது. “நம்ம நடுவுல ஒரு ஜீவன் இருட்டுலயே உட்கார்ந்திருக்கு. அதைப் பார்க்கும்போதுதான் நமக்கு எந்தக் குறையும் இல்லைன்னு தெரியுது,” என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். என் விரல் நின்றது. பிறகு அந்த இடத்தைத் தாண்டி அடுத்த வாக்கியத்தில் இறங்கியது.

பெஞ்சு அசைந்தது அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. எல்லோரும் ஏன் அசைகிறார்கள் என்று என் கையில் எழுதினார். ஒன்றுமில்லை என்று எழுதினேன்.

“நடுவுல காத்து இறங்கியிருக்கு,” என்றார். ரகசியமாகச் சொல்வதாக நினைத்துச் சொன்னது, நான்கு பெஞ்சுக்குக் கேட்டது. அதற்குப் பிறகுதான் கைகளை மூடிக்கொண்டார்.

மூடிய கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அதன் பக்கத்தில் நம் புறங்கையை லேசாகப் படும்படி வைத்துக் காத்திருக்க வேண்டும். வைத்தேன். பிரசங்கம் முடிந்தது, ஒரு பாட்டு முடிந்தது. அக்காவைக் காப்பாற்றியதாகத்தானே நினைத்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் திரும்பியபோது முகம் சுட்டது எனக்கு. அவருக்கு விஷயமே போய்ச் சேரவில்லை. அப்படியானால் நான் காப்பாற்றியது யாரை?

அறிவிப்புகள் வாசிக்கும்போது அக்காவின் கை திறந்து வந்தது.

போதகர் சொன்னதைச் சுருக்கக் குறி எதுவும் இல்லாமல் முழு எழுத்தில் எழுதினேன். ‘ஜீவன்’ என்ற சொல்லைத் திரும்ப எழுதச் சொன்னார். மூக்கை உறிஞ்சிய சத்தத்தையும் விடவில்லை. கடைசியாக, மறைத்தது நான் என்று எழுதினேன்.

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிவிட்டேன். சிரிப்பு.

“போன வாரம் அவரு வண்டிக்குச் செயின் மாட்டினது எந்த ஜீவனாம்?” என்றார். சிரிப்பு நின்றதும் என் விரலைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு வலிக்குமா வலிக்காதான்னு நீ முடிவு பண்ணாதம்மா. வலிச்சா வலிச்சிட்டுப் போகுது. எனக்கு வந்தது, எங்கிட்ட குடுத்துடு.”

ஆராதனை முடிந்து வாசலில் போதகர் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் கொடுத்த கையை அக்கா விடவில்லை. போதகரின் உள்ளங்கையை மேலே திருப்பி விரித்தார்.

“ஐயா, வாயால சொன்னா தலையாட்டிட்டுப் போயிருவீங்க. கொஞ்சம் நில்லுங்க.”

எழுத ஆரம்பித்தார். மூன்றாவது விதி ஞாபகம் வந்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சுவரோரம் நின்ற சைக்கிள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அக்கா சுருக்கக் குறி எதையும் பயன்படுத்தியிருக்க முடியாது. போதகருக்கு அவை ஒன்றும் தெரியாது. பின்னால் வரிசை நின்றுவிட்டது. “இன்னும் எவ்வளவு நேரம்மா?” என்று ஒரு குழந்தை கேட்டது. அதன் அம்மா அதட்டவில்லை.

முடிந்ததும் அக்காவின் கை என் முழங்கையைத் தேடி வந்து பிடித்தது. இரண்டு படி இறங்கினோம். மூன்றாவது படியில் நின்று, தன் உள்ளங்கையை என் முன்னால் விரித்தார்.

“அவர் முகம் எப்படி இருக்கு? உள்ளது உள்ளபடி சொல்லு.”

திரும்பிப் பார்த்தேன். அடுத்தவர் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. போதகர் அதைக் கவனிக்கவில்லை. தண்ணீர் சிந்தாமல் ஏந்தியிருப்பதுபோல் தன் உள்ளங்கையை ஏந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் கையில் விரலை வைத்தேன். போதகரின் காதுநுனியிலிருந்து ஆரம்பித்தேன். அது சிவந்திருந்தது.