நீள விசில்

வாலுவைக் கொண்டுபோக ஆள் வருவதற்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. காலை ஆறு. பத்து மணிக்கு வருவதாகப் பேச்சு.

வருபவருக்குச் சொந்தமாக ஒரு பஞ்சுக் கிடங்கு. காவலுக்கு நாய் வேண்டுமாம். சங்கிலியைக் கையோடு எடுத்து வருவதாகப் போனில் சொன்னார். ஆட்டு மந்தையை ஓட்டிப் பழகிய நாயைச் சங்கிலியில் கட்டினால் அது ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றித் தரையில் குழி விழச் செய்துவிடும். எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். இருந்தும் சரி என்றுவிட்டார்.

"சினை ஆட்டைப் பள்ளத்துல தள்ளிக் கொன்ன நாயைத் திரும்ப மந்தைக்குள்ள விட முடியாது பாப்பா," என்றார். "இன்னைக்கு ஒண்ணு. நாளைக்குப் பத்து."

வாலுவை எட்டு வாரக் குட்டியாக வாங்கி வந்தது நான். விலங்கியல் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த வருடம் அது. ஒரு நோட்டுப் போட்டு, தேதி எழுதி, ஒவ்வொரு சொல்லாகப் பழக்கினேன். வலது. இடது. படு. போதும். நான் முணுமுணுத்தாலே அதன் காது நிமிரும். ஆனால் முணுமுணுக்க மட்டும்தான் எனக்கு வரும். என் குரல் ஐம்பது மீட்டரைத் தாண்டாது. எங்கள் மேய்ச்சல் நிலம் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரு கிலோமீட்டர்.

பிறகு அண்ணனுக்குக் கல்யாணமாகி அண்ணி வந்தார். அவருக்கு இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடிக்கத் தெரியும். என் சொற்களுக்கெல்லாம் ஒவ்வொரு விசில் வைத்தார். நீளமாக ஒன்று அடித்தால் 'படு'. மூன்றே வாரம். நிலத்தின் மறுகோடியில் ஓடிக்கொண்டிருந்த வாலு, அந்த விசிலைக் கேட்டதும் அப்படியே தரையோடு படுத்தது.

அப்பா கைதட்டினார். "அம்மாடி, இத்தனை நாள் நீ எங்க இருந்தே?"

நான் பட்டம் வாங்கிய அன்றுகூட அவர் கைதட்டவில்லை.

"என்ன சயின்டிஸ்ட், உன் ஆள் கட்சி மாறிட்டான் போல?" என்றான் அண்ணன்.

"சும்மா இருங்க நீங்க," என்றார் அண்ணி. "பாடம் சொல்லிக் கொடுத்தது அவ. நான் வெறும் மைக் செட்."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

சாயங்காலங்களில் என் அறை வாசலில் படுக்கும் வாலு, இப்போது அண்ணியின் சேறு படிந்த பூட்ஸின் மேல் தாடையை வைத்துப் படுத்தது. ஒருநாள் பூட்ஸை நகர்த்தி வைத்துப் பார்த்தேன். நாயும் நகர்ந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி சபையில் எழுந்து சாட்சி சொன்னார். புது வீட்டில் தனக்கு முதல் துணையாக ஆண்டவர் ஒரு நாயைக் கொடுத்தாராம். எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். என் நாயை என்னைக் கேட்காமல் ஆண்டவர் எப்படிக் கொடுக்கலாம் என்று நான் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மதியம் தொடங்கினேன். எல்லாரும் கண்ணயரும் நேரத்தில் வாலுவை வைக்கோல் கொட்டகைக்குக் கூட்டிப் போவேன். அண்ணியின் நீள விசிலைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்தேன். அதை ஒலிக்கவிடுவேன். படுத்தால் ஒன்றும் கிடையாது. எழுந்து என்னை நோக்கி ஓடிவந்தால் ஒரு ரொட்டித் துண்டு. தினம் இருபது நிமிடம். முதல் நாள் பத்துத் தடவைக்கு ஒன்று. பதினோராம் நாள் பத்துக்கு ஒன்பது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன்.

எந்த ஆடும் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வாலு அண்ணிக்குக் கட்டுப்படாமல் போக வேண்டும், அப்பா என்னைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். மந்தைக்குப் பின்னால் நிற்கும் நாய் விசிலடிப்பவரை நோக்கி ஓடினால் நடுவில் நிற்கும் ஆடுகள் எங்கே போகும் என்பது, கொட்டகைக்குள் ஆடுகள் இல்லாததால், எனக்குத் தோன்றவே இல்லை.

நேற்று முன்தினம் அண்ணி வாய்க்கால் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நின்றார். மந்தை அந்தப் பக்கம். அதற்குப் பின்னால் வாலு. ஆடுகள் விளிம்புக்கு வருவதைப் பார்த்து அண்ணி நீள விசில் அடித்தார். வாலு ஓடி வந்தது. மறுபடி அடித்தார். இன்னும் வேகமாக ஓடி வந்தது.

காலை ஜெபத்துக்குச் சமையலறை மேசையைச் சுற்றி நால்வரும் உட்கார்ந்தோம். அப்பா வாசித்தது, தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போகும் மேய்ப்பனைப் பற்றிய பகுதி. சிறு வயதிலிருந்தே எனக்கு அந்தத் தொண்ணூற்றொன்பதின் மேல்தான் இரக்கம். ஒழுங்காக நின்ற ஒன்றையும் அவர் தோளில் தூக்கவில்லையே. இன்று வேறொன்று உறைத்தது. தொலைந்த ஆடு கத்தாது. பயத்தில் வாயை மூடிக்கொண்டு புதருக்குள் படுத்துவிடும். இரண்டடி தள்ளி நடந்து போனாலும் நமக்குத் தெரியாது. எங்கள் நிலத்தில் அப்படிப் படுத்த ஆடுகளை வாலுதான் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது.

அண்ணன் ஜெபித்தான். பிறகு அண்ணி.

"ஆண்டவரே, தப்பு என்னோடது. விசிலை நான்தான் மாத்தி அடிச்சிருப்பேன். அந்த வாயில்லா ஜீவன் மேல பழி வேண்டாம். இவ அதைப் பிள்ளை மாதிரி வளர்த்தா. இவ முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமா இருக்கு. இனிமே நான் மந்தைப் பக்கமே போகமாட்டேன்."

நான் விரும்பியது இதுதான். கிடைத்துவிட்டது. மேசைக்கடியில் வாலு யாருடைய காலிலோ சாய்ந்திருந்தது. என் காலில் இல்லை.

அடுத்து என் முறை. என் ஜெபம் எப்போதும் ஒரே வரி: எல்லாவற்றுக்கும் நன்றி, ஆமென். அதைச் சொல்லிவிட்டால் டீ குடிக்க எழுந்துவிடுவார்கள். பத்து மணிக்குச் சங்கிலி வரும். அதற்குப் பதிலாக உண்மையைச் சொன்னால் வாலு இந்த வீட்டில் இருக்கும். நான் இந்த வீட்டில் எந்த முகத்தோடு இருப்பேன் என்பதுதான் தெரியவில்லை.

கண்ணைத் திறந்தேன். அண்ணியின் மூடிய இமைகள் நனைந்திருந்தன.

"அண்ணி," என்றேன்.

ஜெபத்தில் யாரும் அண்ணியைக் கூப்பிடுவதில்லை. அண்ணன் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான்.

"சத்தமாச் சொல்லு பாப்பா," என்றார் அப்பா. "கேக்கல."

"நீங்க மாத்தி அடிக்கல அண்ணி. சரியாத்தான் அடிச்சீங்க. அந்த விசில் கேட்டா ஓடி வரணும்னு வாலுவுக்குப் பழக்கினது நான். பதினொரு நாள், கொட்டகையில, உங்களுக்குத் தெரியாம. உங்க மேல இருந்த பொறாமையில."